துணி இருக்கிறது, பெயர் எங்கே?

சந்திரகிரிக் கோட்டையைக் காண வரும் நண்பர்கள், "சென்னைப் பட்டினம் வெள்ளையருக்குப் போனது இந்த ஊர் அரசர் காலத்தில்தானே?" என்று தவறாமல் கேட்கிறார்கள். ஆம், 1639இல். ஆனால் பிரான்சிசு டே அந்த மணற்கரையை நாடியது எதற்காக என்று கேட்பார் இல்லை. துணிக்காக, தோழர்களே! சாயம் தோய்த்து, சித்திரம் எழுதிய துணிக்காக.

அந்தப் பழந்துணிகளில் சிறந்தவற்றைப் பார்க்க இன்று இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் காட்சியகத்துக்குப் போகவேண்டும். இந்தோனேசியாவின் தொராசா மக்கள் அவற்றைக் குலச் சொத்தாகக் காத்தனர். சப்பானியர் தேநீர்ச் சடங்குக் கலங்களை அவற்றில் பொதிந்து வைத்தனர். 1686இல் பிரான்சு தடை போட்டது. 1721இல் இங்கிலாந்தும் போட்டது. தடையை மீறி வாங்கினார்கள், வாங்கியதைப் பேணினார்கள். நாமோ உடுத்தோம், கிழிந்ததும் எறிந்தோம்.

"கொள்ளை போயிற்று" என்று மேடையில் முழங்கலாம். பெரும்பாலானவை விலைக்குப் போனவை. என் குறை வேறு. "சோழமண்டலக் கரை, 18ஆம் நூற்றாண்டு" என்று சீட்டு எழுதி ஒட்டியிருப்பார்கள். எழுதிய கை யாருடையது என்று இராது. 1742இல் கேர்தூ பாதிரியார் நம் சாயக்காரரிடம் கேட்டறிந்த செய்முறையைக் கடிதமாக எழுதினார். பாதிரியார் பெயர் நிலைத்தது. சொல்லித் தந்தவர் பெயர் நிலைக்கவில்லை.

சொல்லித் தந்தது சாதாரணமா? சுவர்ணமுகி ஆற்றோடு கீழே போனால் திருக்காளத்தி. அங்கே இன்றும் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் தோய்க்கிறார்கள். பாலின் கொழுப்பு, மை பரவாமல் தடுக்கும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் வாரக்கணக்கில் புளிக்க வைத்த கரைசல், கடுக்காய்த் துவர்ப்போடு சேர்ந்ததும் கறுக்கிறது. படிகாரம் தொட்ட இடம் கண்ணுக்குத் தெரியாது. வேர்ச்சாயத்தில் கொதிக்க வைத்ததும் அங்கே மட்டும் சிவப்பு மலரும். அலுமினியம் அலிசரினைக் கட்டிப் பிடிக்கும் வினை அது. நமது சாயவேரிலிருந்து வரும் அதே அலிசரினைச் செருமானியர் 1868இல்தான் ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். நான் இதை இரண்டாம் ஆண்டு முதுகலைப் பாடத்தில் படித்தேன். அவர்கள் தகப்பனிடம் படித்தார்கள்.

1950களில் திருக்காளத்தியில் கலை மீண்டும் தழைத்தது. 2008இல் ஜொன்னலகட்ட குரப்ப செட்டியாருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் கடைத்தெருவில் எந்திர அச்சுத் துணியும் 'கலம்காரி' என்றே விற்கிறது, வாங்குகிறவர் பேரம் பேசுகிறாரே ஒழிய, "யார் எழுதியது? எந்தச் சாயம்?" என்று கேட்பதில்லை. கேளுங்கள். விடையை ஒரு தாளில் எழுதித் துணியோடு மடித்து வையுங்கள்.

எங்கள் குடும்பம் கும்பகோணத்துப் பக்கமிருந்து இங்கே குடிவந்தது. பாட்டியின் பெட்டியில் கோயில் தொம்பைத் துணி ஒன்று இருந்ததாம். பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் அடுக்கு வாங்கிவிட்டார்கள். கறிவேப்பிலை கட்டி வைத்த ஒரு சாண் துண்டு மட்டும் தப்பி என்னிடம் வந்தது. சிவப்பு அப்படியே இருக்கிறது. கறுப்புக் கோடு ஓடிய இடமெல்லாம் இரும்பு அரித்து நூல் இற்றுப்போயிருக்கிறது. எழுதியவர் யாரென்று கேட்கப் பாட்டியும் இல்லை.