சேட்டு வீட்டுப் பொண்ணு கேட்ட போன்

எங்கள் தெருமுனையில் ஒரு பாத்திரக்கடை இருக்கிறது. ராஜஸ்தானில் பாலி மாவட்டத்திலிருந்து வந்து திருத்தணியில் நிலைத்துவிட்ட குடும்பம். ஊரே அவரைச் 'சேட்டு' என்றுதான் கூப்பிடும். அடகு வியாபாரம் நான் செய்ததே இல்லை என்று மனிதர் எத்தனை தடவை சொன்னாலும் யாரும் காதில் வாங்குவதில்லை.

அவர் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஆடிக் கிருத்திகைக்கு மலையேறும் காவடிக் கூட்டத்துக்கு வாசலில் நின்று மோர் ஊற்றுவாள். அவள் பேசும் தமிழைக் கேட்டால் சேட்டு வீட்டுப் பெண் என்று சொல்ல முடியாது. போன மாதம் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "ஆன்ட்டி, எங்கப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றாள்.

விஷயம் இதுதான். அவளுக்கு 16 வயது முடிகிறது. பிறந்தநாளுக்கு ஒரு போன் வேண்டும். பெரிய போன் இல்லை, சாதாரணமானது போதும். வீட்டில் இருப்பது இரண்டே போன். ஒன்று அப்பாவுடையது, இன்னொன்று அண்ணனுடையது. அண்ணனுக்குப் பிளஸ் டூவிலேயே வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். டியூஷன் நோட்ஸ் வருவது அப்பாவின் வாட்ஸ்அப்பில். ராத்திரி ஒன்பதரைக்கு அவர் கடை சாத்தி வந்த பிறகுதான் இவள் அதைப் பார்க்க முடியும். அதற்குள் மற்ற பிள்ளைகள் சந்தேகம் கேட்டு முடித்துத் தூங்கியிருப்பார்கள்.

"எங்க வீட்ல பர்த்டே கிஃப்ட்டுங்கிற பழக்கமே கிடையாது. தீபாவளிக்கு ஒரு டிரஸ், அவ்ளோதான்" என்றாள். அழவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போலிருந்தது.

மறுநாள் குக்கர் காஸ்கெட் வாங்கும் சாக்கில் கடைக்குப் போனேன். சேட்டு மடக்கவே முடியாத ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தார். "மேடம், இதே ஊர்ல பிறந்த ராதாகிருஷ்ணன் போன் வச்சா படிச்சார்? பிரசிடென்ட் ஆகலையா?"

உண்மைதான். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888-ல் பிறந்தது இங்கேதான். அவர் குடும்பமும் வெளியூரிலிருந்து வந்ததுதான். சர்வபள்ளி நெல்லூர்ப் பக்கத்து ஊர், வீட்டில் தெலுங்கு, கையில் காசில்லாத வாழ்க்கை. (இந்தத் திருத்தணியே 1960-ல்தான் ஆந்திராவிலிருந்து சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தது. இதில் யாரை வந்தவர் என்பது, யாரை இருந்தவர் என்பது?)

ஆனால் அந்தக் கதையில் சேட்டு சொல்லாமல் விட்ட ஒரு பகுதி இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் வயதில் ராதாகிருஷ்ணனுக்கு, படித்து முடித்த உறவுக்காரர் ஒருவர் தன் தத்துவப் பாடப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம் என்பதால்தான் அவர் அந்தப் பாடத்தையே எடுத்தார் என்பார்கள். ஒருவர் கொடுத்த பொருள் அவர் படிப்பையே முடிவு செய்திருக்கிறது. இதை நான் சொல்லி முடிப்பதற்குள், உள்ளேயிருந்து தட்டு அடுக்கிக்கொண்டிருந்தவள் குரல் கொடுத்தாள்: "எங்க சொந்தக்காரங்க யாரும் தமிழ்நாட்ல பிளஸ் ஒன் அக்கவுன்டன்சி படிக்கலையே, எனக்கு புக் குடுக்க!"

சேட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் இறங்கி வரவில்லை. கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பொண்ணு கையில போன்னு ஊருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு சம்பந்தம் பேசுறப்போ நாலு பேரு நாலு விதமா கேப்பாங்க மேடம்." ஊர் என்று அவர் சொன்னது திருத்தணியை இல்லை. பாலியை. வந்து இத்தனை வருஷமாகியும் மனிதர் அந்த ஊருக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவரை நான் குறை சொல்லத் தயாரில்லை. டொரன்டோவுக்கும் லண்டனுக்கும் போன நம் தமிழ்க் குடும்பங்களும் இதையேதான் செய்கின்றன. பிள்ளை வளர்வது ஒரு ஊரில், கண்டிப்பு வருவது இன்னொரு ஊரிலிருந்து. அங்கே டாக்டர் சொல்வதை அம்மாவுக்கு மொழிபெயர்ப்பது பிள்ளைகள்தான். இங்கேயும் அப்படித்தான். சேட்டு தமிழ் பேசுவார், எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க மாட்டார். நகராட்சி நோட்டீஸைப் படித்துச் சொல்வது, ரேஷன் கடைக்குப் போவது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் நர்ஸிடம் பேசுவது எல்லாம் இவள்தான். வீட்டுக்கே வாயாகவும் காதாகவும் இருக்கிற பெண்ணை ஒரு போனுக்கு நம்பவில்லை என்றால் எப்படி? இதை மட்டும் அவரிடம் கேட்டுவிட்டு, காஸ்கெட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவளே ஒரு வழி செய்தாள். பரிசு என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். கடைக்கணக்கு எழுதவும், தமிழில் வருகிற காகிதங்களைப் படிக்கவும் மாதம் 500 ரூபாய் சம்பளம் கேட்டாள். வியாபாரிக்கு அந்தப் பாஷை புரிந்தது. ஒரு வருஷச் சம்பளத்தை முன்பணமாகப் போட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார். இன்னொன்றும் அவர் மனதை மாற்றியது. 18 வயதுக்குள் இருப்பவர் பெயரில் சிம் கார்டு கொடுக்க மாட்டார்கள், அப்பா பெயரில்தான் வாங்க வேண்டும் என்று அண்ணன்காரன் சொன்னானாம். "அப்போ அது என் நம்பர்தான்!" என்று அவருக்கு ஒரு திருப்தி. ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் கல்லாப்பெட்டி பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அண்ணன் போனுக்கு அப்படி எதுவும் கிடையாது. அது நியாயமில்லை என்று அவளும் சொன்னாள், நானும் சொன்னேன். சேட்டு கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தாள். முகத்தில் புதுப் புகார்.

"போன் வந்ததிலேர்ந்து அம்மாதான் ஆன்ட்டி பேசிட்டே இருக்காங்க. ஊர்ல இருக்கிற சித்திகூட. இத்தனை நாளா அப்பா முன்னாடியே பேசணும்ல, அதனால ரெண்டு நிமிஷத்துல வச்சிருவாங்க. இப்போ ஒரு மணி நேரம். எனக்கு நோட்ஸ் பார்க்க நேரமே கிடைக்கலை."