பெயர் ஒன்று, மனிதர் மூவர்

 

சென்ற ஆண்டு ஷவ்வால் மாதத்தில் ஒரு நாள். லுஹர் தொழுகை முடிந்து மதரஸாவுக்குத் திரும்பிக் கொண்டிருந்தேன். பள்ளிவாசல் முற்றத்தில் அயலூர் இளைஞர் ஒருவர் நின்றிருந்தார். பினாங்கிலிருந்து வந்தவர். மலாயும் ஆங்கிலமும் சரளமாகப் பேசினார். தமிழில் சில சொற்களே தெரிந்திருந்தன. தம் வீட்டுப் பழைய கிதாபு ஒன்றின் முதல் ஏட்டைப் படியெடுத்துக் கொண்டு வந்திருந்தார்.

அந்த ஏடு ஜாவி எழுத்தில் இருந்தது. நம் முன்னோர் தமிழை அரபி எழுத்தில் எழுதி அரபுத் தமிழ் என்று வழங்கியதைப் போல, மலாய் மொழியை அரபி எழுத்தில் எழுதுவதே ஜாவி. ஆகவே மொழி தெரியாவிடினும் பெயர்களை என்னால் வாசிக்க முடிந்தது. ஒரு மனிதரின் பெயர். இன்னாரின் மகன் என்ற குறிப்பு. நம் ஊரின் பெயர். ஹிஜ்ரி 1302, ரஜப் மாதம் என்ற திருமண நாள். அதன் கீழே பிள்ளைகளின் பெயர்கள்.

"இவர் எங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார். இவருடைய வீட்டைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்" என்றார் அவர்.

வாசகர்களே, அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. வாழும் மக்களின் மானம் அவற்றில் அடங்கியிருக்கிறது. ஆனால், அந்தத் தேடல் எனக்குக் கற்பித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முன்னோரைத் தேடுவோர், பதிவுகள் இல்லாமையே பெரிய தடை என்று எண்ணுகின்றனர். பாதி உண்மைதான். சென்னை மாகாணத்தில் 1871-இல் மக்கள் தொகைக் கணக்கு எடுக்கப்பட்டது. ஆனால் வீடு வீடாக எழுதிய ஏடுகள், இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்டதைப் போல இங்கே பாதுகாக்கப்படவில்லை. எண்ணிக்கை எஞ்சியது, பெயர்கள் போயின. எனினும் அதனினும் பெரிய தடை ஒன்று உண்டு. அது ஒரே பெயர்!

பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். இதனால் பெயரும் தகப்பனார் பெயரும் சேர்ந்தாற்போல ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறையில் திரும்பவும் வந்து நிற்கும். போதாக்குறைக்கு, முகைதீன் என்ற ஒரே பெயரை முகியித்தீன் என்றும் மொய்தீன் என்றும் மைதீன் என்றும் எழுதுவார்கள். மரைக்காயர், இலெப்பை, இராவுத்தர் என்ற பட்டம் ஓரிடத்தில் இருக்கும், மற்றோரிடத்தில் இராது.

ஹதீஸ் கலை பயின்றோருக்கு இது புதிய சிக்கல் அன்று. பெயர் ஒன்றாகவும் ஆள் வேறாகவும் உள்ள அறிவிப்பாளர்களைப் பிரித்தறிவதற்கென்றே ஒரு தனித்துறை உண்டு. ஹிஜ்ரி 463-இல் மறைந்த கதீபுல் பக்தாதீ அவர்கள் இதற்காகவே 'அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்' என்ற நூலை இயற்றினார்கள். கலீல் இப்னு அஹ்மத் என்ற ஒரே பெயரில் அறுவர் இருந்ததை இக்கலை நூல்கள் எடுத்துக்காட்டும். எந்த ஊர்? யாரைச் சந்தித்தார்? எந்த ஆண்டில் மறைந்தார்? இந்த வினாக்களால்தான் அவர்கள் ஆளை அடையாளம் கண்டனர். ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்தும் இப்பாடம் என் ஊர்த் தெருவிலேயே எனக்குப் பயன்படும் என்று நான் எண்ணியதில்லை.

ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் ஏட்டைக் கண்டதும், "இவர் கப்ரு நம் மையவாடியிலேயே இருக்கிறதே!" என்று அழைத்துச் சென்றார். மீஸான் கல்லில் அதே பெயர். அதே தகப்பனார் பெயர். இளைஞர் கண் கலங்கி ஃபாத்திஹா ஓதினார். நான் பாசியைத் துடைத்து ஆண்டை வாசித்தேன். ஹிஜ்ரி 1298. அதாவது ஏறத்தாழ 1881. அடக்கப்பட்டவர் நான்கு ஆண்டுகள் கழித்துப் பினாங்கில் மணம் புரிந்திருக்க முடியாது. அந்தப் பிள்ளையிடம் இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை, சொன்னேன்.

இரண்டாவதாக, மேலத்தெருவில் ஒரு வீட்டார், "எங்கள் மூதாதையும் இப்பெயரினரே, கடல் வணிகர்" என்று முன்வந்தனர். அவர்கள் வீட்டில் அரபுத் தமிழில் எழுதிய கணக்கேடு ஒன்று இருந்தது. புரட்டினால், 1302 ரஜப் மாதம் முழுவதும் நாள் தவறாமல் கொழும்புக் கடையில் அவரே வரவு செலவு எழுதியிருக்கிறார். ஒரே மாதத்தில் ஒருவர் கொழும்பில் கணக்கும் எழுதிப் பினாங்கில் மாப்பிள்ளையாகவும் அமர்வது எங்ஙனம்? அவரும் அல்லர்.

எஞ்சியவர் ஒருவர். அவர் என் சொந்த வீட்டு மனிதர்.

என் உம்மம்மாவுக்கு வயது எண்பத்தெட்டு. அவர்களுடைய உம்மம்மா கைக்குழந்தையாக இருந்தபோதே அக்குழந்தையின் வாப்பா கப்பலேறிச் சென்றார், கப்பல் முழுகிவிட்டது, இதுவே எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த செய்தி. நாங்களும் அவர் பெயரால் யாஸீன் ஓதி வந்திருக்கிறோம்.

எங்கள் கடற்கரை ஊர்களில் வீடு பெண்மக்களுக்கே போகும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இவ்வழக்கம் இருப்பதை வாசகர்கள் அறிவீர்கள். ஆண்கள் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சென்று பதிவுகளிலிருந்து நழுவிவிடுவார்கள். பெண்கள் வீட்டிலேயே இருப்பார்கள். வீட்டுப் பத்திரம் அவர்கள் பெயரில் இருக்கும். ஆகவே, காணாமற்போன ஆணைத் தேடுவதற்கு முன் அவரைச் சார்ந்த பெண்ணைத் தேடுங்கள். நான் கண்ட வழிகளில் சிறந்தது இதுவே.

உம்மம்மாவின் பெட்டியில் வீட்டுப் பத்திரம் இருந்தது. கொல்லம் 1052, தாது வருஷம், தை மாதம்: தகப்பனார் மகளுக்கு வீட்டைக் கொடுக்கிறார்; மகள் இன்னாரின் மனைவி என்று எழுதியிருக்கிறது. அந்த இன்னாரே ஏட்டில் உள்ளவர். தமிழ் வருஷங்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், தாது என்பது 1816-ஆகவும் இருக்கலாம், 1876-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம். கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் ஐயம் தீரும். தை மாதமாதலால் அது 1877 ஜனவரி. பெரும் பஞ்சம் நாட்டை வாட்டிய காலம்.

ஆனால் பெயர் பொருந்துவது மட்டும் சான்றாகுமா? ஆகாது. பினாங்கு ஏட்டை மீண்டும் நோக்கினேன். மூத்த மகளின் பெயர் அங்குள்ள மலாய்ப் பெயராக இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அருகி வழங்கும் ஒரு பெயர். மகளுக்குத் தம் தாயின் பெயரை இட்டிருப்பாரோ என்று தோன்றியது. 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பத்திரப் பதிவு முறை நடைமுறைக்கு வந்தது. பதிவு அலுவலகத்தில் பெயர் அட்டவணையில் அந்த அம்மையாரின் பெயரைத் தேடச் சொல்லி மனுச் செய்தேன். பல வாரங்கள் கழித்து 1889-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றின் நகல் கைக்கு வந்தது.

அந்த அம்மையார் விட்டுச் சென்ற ஒரு தோப்பை அவருடைய வாரிசுகள் விற்கிறார்கள். ஃபராயிள் சட்டப்படி பங்கு பிரிக்க வேண்டியிருந்ததால் வாரிசுகள் அனைவரையும் எழுதியே ஆக வேண்டும். எழுதியிருந்தார்கள். மூத்த மகன் பெயருக்கு எதிரே, 'தற்காலம் பினாங்கில் வாசம்' என்றும், அவர் அனுப்பிய முக்தியார் நாமாவின்படி அவருக்காகத் தம்பி கையொப்பமிடுகிறார் என்றும் கண்டிருந்தது.

கப்பல் முழுகவில்லை! 1889-இல் அவர் உயிரோடு இருந்திருக்கிறார். உடன்பிறந்தாருக்கு அது தெரிந்தும் இருக்கிறது.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. கணவர் காணாமற்போன பெண்ணைப் பற்றி நான் மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறேன். எங்கள் ஊரார் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, கணவர் மரணமோ தலாக்கோ உறுதியாகும் வரை அவள் மறுமணம் புரிய இயலாது. அந்தப் பெண்மணி இருபது வயதும் நிரம்பாமல் கைக்குழந்தையோடு தனித்தவர். இறுதிவரை தனியாகவே வாழ்ந்து மறைந்தார். தோப்பு விற்றவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாகாதா? கிதாபில் ஒரு வரியாக நான் கடந்து சென்ற சட்டத்தை ஒரு பெண் ஏறத்தாழ அறுபது ஆண்டு வாழ்ந்து தீர்த்திருக்கிறார்.

இதை எண்பத்தெட்டு வயது உம்மம்மாவிடம் சொல்வதா, மறைப்பதா? குடும்ப மானம் என்று மறைத்துவிடலாம் என்றே முதலில் தோன்றியது. ஆனால் ஹதீஸ் கலை இமாம் அலீ இப்னுல் மதீனீ அவர்கள், தம் தந்தையே அறிவிப்பில் பலவீனமானவர் என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள். அவர்கள் வழியைக் கற்பிக்கும் நான், பத்திரத்தை மடித்துப் பெட்டியில் வைப்பது தகுமா?

மறுநாள் சொன்னேன். உம்மம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: "கப்பல் முழுகியது என்று ஊர் சொன்னது. ஆனால் அவர்கள் இத்தா இருக்கவில்லையாம். வெள்ளை உடுத்தவும் இல்லையாம். என் உம்மம்மா சொல்வார்கள். ஏனென்று நாங்கள் யாரும் கேட்டதில்லை."

வாசகர்களே, எண்ணிப் பாருங்கள். கணவர் இறந்தார் என்று நம்பிய பெண் இத்தா இருந்திருப்பார். இவர் இருக்கவில்லை. அப்படியானால் அறிந்திருந்தாரா? அறிந்தே ஊரின் பேச்சை மறுக்காமல் இருந்துவிட்டாரா? அல்லது ஊர் சொன்னதை நம்பாமல் வாசலைப் பார்த்தபடியே காலம் கழித்தாரா? என்னிடம் சான்று இல்லை. சான்று முடியும் இடத்தில் நின்றுவிடுவதும் நம் இமாம்கள் கற்பித்த ஒழுங்கே. உறவினர் அவரை ஏமாற்றினர் என்று இரவெல்லாம் தீர்ப்பெழுதிய நான் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

"அந்தப் பிள்ளை எங்கே தங்கியிருக்கிறது?" என்று உம்மம்மா கேட்டார்கள். விடுதியில் என்றேன். "நம் வீட்டுப் பிள்ளை விடுதியில் சாப்பிடுவதா? போனவர் கணக்கை அல்லாஹ் பார்த்துக்கொள்வான். நீ போய் அழைத்து வா" என்றார்கள்.

அழைத்து வந்தேன். மையவாடியில் அவர் ஃபாத்திஹா ஓதிய கப்ரு யாருடையது என்பதும் அதற்குள் தெளிவாகியிருந்தது. பினாங்கு சென்றவரின் பாட்டனார் அவர். பேரனுக்கு இடப்பட்டது அவருடைய பெயரே. ஆள் மாறினாலும் துஆ உரிய குடும்பத்துக்கே சென்று சேர்ந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்!

உறவைப் பேணும் அளவுக்கு வமிசத்தை அறிந்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்த செய்தி திர்மிதீயில் இடம்பெற்றுள்ளது. வமிசத்தைத் தேடுவது பெருமை பேசுவதற்காக அன்று. அறுந்த உறவைச் சேர்ப்பதற்காக.

உங்கள் வீட்டிலும் இத்தகைய தேடல் இருக்குமாயின் இவற்றைச் செய்யுங்கள்:

வீட்டு மூத்த பெண்மணிகள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் குறியுங்கள். பொருள் விளங்காத செய்தியையும் விட்டுவிடாதீர்கள். இத்தா இருக்கவில்லை என்பதும் அப்படி ஒரு செய்திதான்.

பெட்டியிலுள்ள பழம்பத்திரங்களைப் படமெடுத்து வையுங்கள். பதிவு அலுவலகத்தில் பெண்களின் பெயராலும் தேடச் செய்யுங்கள். பள்ளிவாசல், தர்காவுக்கு மானிய நிலம் அனுபவித்த குடும்பமானால், 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகளைச் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள்.

மீஸான் கற்களை மழை அழிப்பதற்குள் வாசித்து எழுதுங்கள். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டை விட ஏறத்தாழ 11 நாள் குறைவு. கழித்தல் கணக்கால் மட்டும் மாற்றாமல் அட்டவணையைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு என்பது ஹிஜ்ரி 1215 முதல் 1318 வரை.

பினாங்கு, சிங்கப்பூர் சென்றவர்களானால், அங்கே 1880-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முஸ்லிம் திருமணங்களைப் பதியும் வசதி இருந்தது, கட்டாயம் இல்லை. ஆகவே பதிவு இல்லையெனில் திருமணமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். 1867 வரை அப்பகுதிகள் இந்திய அரசின் ஆட்சியில் இருந்தமையால், அக்கால ஆவணங்கள் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்திலும் உள்ளன. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் வைத்திருக்கிறது.

இறுதியாக ஒன்று. பெயர் பொருந்தியதும் மகிழ்ந்து நின்றுவிடாதீர்கள். ஊர், ஆண்டு, தாய், மனைவி எல்லாம் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிடில் அந்த மனிதரை உரிய குடும்பத்துக்கே விட்டுவிடுங்கள். பொருந்தினால், வந்தவருக்கு முதலில் சோறு வையுங்கள். எங்கள் உம்மம்மா அதைத்தான் செய்தார்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.