சூப்பர்வைசர் கையில் மாத்திரை

தையல் ஆலையில் பவர் டேபிள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் வலி வந்தால் மருந்து கொடுப்பது யார்? 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் வேலை செய்யும் ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசி ஒரு விசாரணைச் செய்தி வெளியிட்டது. பெயர் அச்சிடாத மாத்திரைகள் வேலை நேரத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. மருத்துவர் மேற்பார்வை இல்லை. அரசு கண்காணிப்பதாகச் சொன்னது. ஆலை மருத்துவர்களும் செவிலியர்களுமான நாம் அந்தச் செய்தியைத் தொழிலாளர் உரிமைப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட்டோமோ என்று தோன்றுகிறது. அது முதலில் மருந்தியல் பிரச்சினை.

கருப்பை உள்வரியில் புராஸ்டாகிளாண்டின் பெருகி, தசை இறுகி, ரத்த ஓட்டம் குறைந்து வலி எழுகிறது. ஐபுபுரோஃபென், மெஃபெனாமிக் அமிலம் போன்றவை அந்த உற்பத்தியைத் தடுப்பவை. ஆகவே உதிரப்போக்கு தொடங்கும்போதே, சாப்பிட்ட பிறகு, முறையான இடைவெளியில் எடுத்தால்தான் முழுப் பலன் கிடைக்கும். ஆலையில் நடப்பது தலைகீழ். வலி உச்சத்துக்கு வந்த பிறகு லைனை விட்டு எழுந்து, அனுமதி கேட்டு, வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. காலையில் டிபன் சாப்பிடாமல் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து வந்தவளுக்கு இரைப்பை எரிவது மிச்சம்.

டைசைக்ளோமின் கலந்த மாத்திரை நம் ஊரில் சர்வசாதாரணம். பார்வை மங்கும், கிறக்கம் வரும், வியர்வை குறையும். அதிவேக ஊசிக்குக் கீழே விரல் வைத்திருப்பவருக்கு, மே மாத வெக்கையில், இதைப் பெயர் சொல்லாமல் கொடுப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி? கழிப்பறைக்குப் போக டார்கெட் இடம் கொடுக்காததால் தண்ணீரையே குறைத்துக் குடிக்கும் பெண்கள் நிறைய. நீர்ச்சத்து குறைந்த உடலில் வலிநிவாரணி சிறுநீரகத்தைச் சோதிக்கும். மெஃபெனாமிக் அமிலத்தால் அரிதாக வரும் டிரெஸ் என்ற கடும் ஒவ்வாமையைப் பற்றி இந்திய மருந்தியல் தரநூல் ஆணையம் 2023 இறுதியில் எச்சரித்தது. மாத்திரையின் பெயரே தெரியாதவர், தோல் தடித்துக் காய்ச்சலோடு ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் போய் நின்றால் என்ன சொல்வார்?

இதைவிடப் பெரிய இழப்பு நோய்க்கதை காணாமல்போவது. உலகில் கருவுறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆவதும் தெரிந்ததே. சூப்பர்வைசர் மேஜையில் எடுத்த மாத்திரை எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. மூன்று மாதம் முறையாக மருந்து எடுத்தும் குறையாத வலி, மாதவிடாய்க்கு முன்பே தொடங்கும் வலி, உறவின்போதோ மலம் கழிக்கும்போதோ வரும் வலி, இவற்றைக் கேட்டு எழுதி வைத்தால்தானே மகப்பேறு மருத்துவரிடம் அனுப்ப முடியும்? உதிரப்போக்கு அதிகம் என்பவருக்கு ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

மாதவிடாய் விடுப்பு விவாதம் தனியே நடக்கிறது. 2025 அக்டோபரில் கர்நாடக அமைச்சரவை மாதம் ஒருநாள் சம்பளத்துடன் விடுப்புக்கு ஒப்புதல் தந்தது. நல்லதுதான். ஆனால் பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அந்த ஒருநாள் சம்பளம் எதை வைத்துக் கணக்கிடப்படும்? விடுப்பு எடுத்தவரை அடுத்த மாதம் லைன் மாற்றாமல் இருப்பார்களா? இதெல்லாம் நம் கையில் இல்லை.

நம் கையில் இருப்பதைச் செய்யலாம். மாத்திரையை லைனிலிருந்து எடுத்து முதலுதவி அறைக்குக் கொண்டுவாருங்கள். ஒருமுறை பரிசோதித்து, வயிற்றுப்புண், ஆஸ்துமா, கர்ப்பம் உண்டா என்று கேட்டறிந்து, பெயருள்ள அட்டையையே அவர் கையில் கொடுத்து, எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்; அடுத்த மாதம் வீட்டிலேயே எடுத்துக்கொள்வார். பதிவேடு செவிலியரின் அலமாரியில் பூட்டியிருக்கட்டும். யாருக்கு எப்போது தள்ளிப்போகிறது என்று அதைப் புரட்டிப் பார்க்க மனிதவளப் பிரிவுக்கு வேலையில்லை. நிர்வாகம் கேட்டால் எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள்.