பழம் பறிக்கிறவர் எந்தக் கணக்கில்?

போன மாதம் தூத்துக்குடியில் ஒரு கல்லூரிக்குப் பேசப் போயிருந்தேன். வாசலில் மாணவர்கள் காப்பித்தூள் விற்றுக்கொண்டிருந்தார்கள். மலைக்கிராமச் சிறு விவசாயிகளோடு கல்லூரி கைகோத்த திட்டமாம். இடைத்தரகர் இல்லை, விவசாயிக்குக் கூடுதல் விலை, மாணவர்களுக்குத் தோட்டத்திலேயே பாடம். நல்ல காரியம்தான், நானும் ஒரு பொட்டலம் வாங்கினேன்.

"பழம் பறிக்கிறவங்களுக்கு என்ன கூலி?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். திட்டத்திலேயே அந்தக் கேள்வி இல்லை.

காபி வாரியத்தின் கணக்கில் 10 ஹெக்டேர், அதாவது சுமார் 25 ஏக்கர் வரை வைத்திருப்பவர் சிறு விவசாயி. தமிழ்நாட்டு நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் குடும்பத்துக்கு 1970 முதல் அனுமதிப்பதே 15 தர ஏக்கர்தான். காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு அதிலும் விலக்கு உண்டு. 2 ஏக்கர் வைத்திருக்கும் பழங்குடியும் சிறு விவசாயி. 20 ஏக்கரில் ஆள்வைத்துப் பறிக்கிறவரும் சிறு விவசாயி. கூடை சுமக்கும் நிலமற்ற தலித் பெண் எந்தக் கணக்கிலும் இல்லை.

என் ஆய்வு இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களைப் பற்றியது. காப்பிக் காலத்தில் பெரும்பாலோர் மன்னார் வழியே காட்டில் நடந்தே போனார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். 1869இல் இலைத்துரு நோய் தாக்கிக் காப்பி அழிய, தேயிலை வந்தது. பின்னாளில் நம் துறைமுகத்திலிருந்தும் கப்பலேற்றினார்கள், பக்கத்துத் தட்டப்பாறையில் அதற்கென முகாமே இருந்தது. போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், அருந்ததியர். ஊரில் நிலமில்லாமல் போனார்கள், அங்கும் நிலம் கிடைக்கவில்லை. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் நாடும் இல்லை என்றது.

இதையெல்லாம் பேசி முடித்தபின் ஒரு மாணவி வந்தாள். "அக்கா, எங்கம்மா உப்பளத்துக்குப் போறாவ. பாத்தி மொதலாளியோடது. இப்படி ஒரு திட்டம் உப்புக்கு வந்தா எங்கம்மா அதுல எங்க வருவாவ?"

கல்லூரிகள் மலையேற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏறும்போது பட்டாவோடு கூலிக் கணக்கையும் கேட்கட்டும். 2006 வன உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் காத்திருக்கும் பழங்குடிகளுக்கு மாணவர்கள் வரைபடம் போட்டுக் கொடுக்கட்டும். கூடுதல் விலையில் பறித்தவருக்கு எவ்வளவு என்பதைப் பொட்டலத்தில் அச்சிடட்டும்.

அந்த மாணவியிடம், நீ மலைக்குப் போனாயா என்று கேட்டேன். போகவில்லையாம். பயணச் செலவை மாணவர்களே கட்ட வேண்டுமாம்.