வாலிபர் முகாமுக்கு ஒரு யோசனை



எங்கள் சபை வாலிபர் சங்கச் செயலாளர் (என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவன்தான்) நேற்று வாட்ஸப்பில் ஒரு நிகழ்ச்சி நிரல் அனுப்பி, "சார், பாத்துச் சொல்லுங்க" என்றான். குற்றாலத்தில் வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை முகாம். எண்ணிப் பார்த்தேன். 9 செய்திகள், 3 குழு விவாதம், வேதாகம வினாடி வினா, கேம்ப் ஃபயர். இடைவெளி என்றால் டீக்கு 15 நிமிடம். அருவிக் குளியல், "நேரம் இருந்தால்".

குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 30 வருடத்துக்கு முன் இதே மாதிரி நிரல் போட்டு, கையில் மணியோடு நின்றவன் நான். ஐந்து நிமிடம் பிந்தி வந்தவர்களை வராந்தாவில் நிறுத்தியிருக்கிறேன். வாத்தியார் புத்தி.

அப்படி ஒரு முகாமில் சனிக்கிழமை மத்தியானம் ஒரு பையன் வந்து, "சார், உங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்றான். அடுத்த செய்திக்கு மணி அடிக்கிற நேரம். "ராத்திரி பேசுவோம்டே, உள்ள போ" என்றேன். ராத்திரி அர்ப்பணிப்புக்கு அழைத்தபோது அவன்தான் முதலில் எழுந்து வந்து முழங்காலில் நின்று அழுதான். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். "14 பேர் தங்களை அர்ப்பணித்தனர்" என்று அறிக்கையில் எழுதினேன். எதற்கு அழுதான் என்று நான் கேட்கவில்லை.

பாலிடெக்னிக் கட்டணத்துக்கு அப்பா கொடுத்த பணத்தைத் தொலைத்திருக்கிறான். படிப்பு நின்று மூன்று மாதம். வீட்டில் சொல்லாமல் தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போயிருக்கிறான். முகாம் முடிந்து வீட்டுக்குப் போகவில்லை, ரயிலேறிவிட்டான். எட்டு மாதம் கழித்துத் திருப்பூரில் இருந்து கடிதம் வந்தது. அந்த எட்டு மாதமும் அவன் அம்மா ஆலயத்தில் உட்கார்ந்திருந்த இடத்தை நான் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

லூக்கா 24-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். எம்மாவுக்குப் போன இருவரிடம் இயேசு எடுத்தவுடன் பிரசங்கம் பண்ணவில்லை. என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள், ஏன் துக்கமாய் இருக்கிறீர்கள் என்று கேட்டார். விளக்கம் எல்லாம் அதற்குப் பிறகு, நடந்துகொண்டே. அவர்கள் அவரை அறிந்துகொண்டதோ பந்தியில்.

அதனால் சொல்கிறேன், சமையலைக் காண்டிராக்ட் விடாதீர்கள். நம் அசனப் பண்டிகைக்கு முந்தின ராத்திரி காய் வெட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களா? பெரியவரும் கல்லூரிப் பையனும் ஒரே சாக்கில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள். மனதில் கிடப்பது பாதி அங்கேதான் வெளியே வரும். கண்ணீருக்கும் வெங்காயத்தின் மேல் பழி போட்டுக்கொள்ளலாம். ஆனால் எல்லா வேலையும் பெண்பிள்ளைகள் தலையில் விழக்கூடாது. அண்டா தேய்ப்பது பையன்கள்.

கட்டணம் கட்டாதவர்கள் பெயரை ஆலயத்தில் வாசிப்பதையும் நிறுத்துங்கள். அந்தப் பிள்ளை "எனக்கு வேலை இருக்கு" என்று ஒதுங்கிவிடும். செல்போனை வாங்கி வைப்பதா வேண்டாமா என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும்.

செய்தியே வேண்டாமா என்று ஐயர் கேட்பார். வேண்டும், 3 போதும்.

இதை எழுதலாமா என்று அந்தப் பையனிடம் (அவனுக்கே இப்போது 50 ஆகப்போகிறது) போனில் கேட்டேன். "பேரு மட்டும் வேண்டாம் சார்" என்றான். அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய் என்று இத்தனை வருடம் கழித்து அப்போதுதான் கேட்டேன். "ஒண்ணுமில்ல சார். எங்கூட வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட நீங்க சொல்வீங்களான்னு கேக்க வந்தேன்" என்றான்.

செயலாளருக்குப் பதில் அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை 2 மணியிலிருந்து 5 மணி வரை ஒன்றும் வைக்காதே. பெரியவர்கள் நாலு பேர் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். நானும் வருகிறேன். மணியை வேறு யாராவது அடிக்கட்டும்.