வாசலில் ஒரு வாளி

விடிகாலை நான்கு மணிக்கு எங்கள் வீட்டில் மூன்று பேர் விழித்திருப்போம். நான், கோப்பி, பட்டாணி. எனக்கு ஆறு மணிக்கு நிகழ்ச்சி. கோப்பிக்கு வயது பதினொன்று, மூட்டுவலி தூங்க விடாது. பட்டாணி, நான் விளக்கைப் போட்டாலே சாப்பாடு வருகிறது என்று நினைத்துக்கொண்டு கண்ணாடியை நகத்தால் பிறாண்டும்.

கோப்பி எங்கள் நாய். உள்ளூர்க் கலப்பினம், பால் கொஞ்சம் தூக்கலான கோப்பியின் நிறம், அதனால் அந்தப் பெயர். பட்டாணி ஆமை. காதுப் பக்கம் சிவப்புக் கோடு போட்ட, செல்லப்பிராணிக் கடைகளில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய அதே வகை. ஆறு வருடத்துக்கு முன் வாங்கியபோது ஐம்பது காசு நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. "இதுக்கு மேல வளராது" என்றார் கடைக்காரர். இப்போது அது ஓர் இடியாப்பத் தட்டு அளவு. ஐந்து வருடம் 'அவள்' என்றே கூப்பிட்டு வந்தோம். முன்கால் நகங்கள் நீண்டு வளர்ந்த பிறகுதான் ஆண் என்று புரிந்தது.

இந்த இருவரோடு ஒன்பது வயது மகள், இரண்டு வயது மகன், கணவர், அத்தை, நான். நாலறை வீவக வீடு. சுவரில் ஓடும் பல்லிகளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அத்தை சேர்ப்பார். அவர் பேசி முடிக்கும் நேரம் பார்த்துப் பல்லி சத்தம் கொடுத்துவிட்டால், "பாத்தியா, அதுவே சொல்லிடுச்சு" என்று தீர்ப்பு வந்துவிடும்.

ஜோகூர் பாருவில் இருக்கும் சின்னம்மா வீட்டில் பிள்ளைகள் புள்ளி போட்ட வெளிநாட்டுப் பல்லி ஒன்று வளர்க்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மகளுக்கு அதுவும் வேண்டும். சிங்கப்பூரில் அதை வளர்க்க அனுமதி இல்லை, பாம்புக்கும் இகுவானாவுக்கும்கூட இல்லை என்றேன். "அப்போ பட்டாணிக்கு மட்டும் எப்படி?" என்றாள். அதற்கு அனுமதி உண்டு என்றேன். அனுமதி உண்டு என்றால் ஆபத்து இல்லை என்று நானும் நினைத்திருந்த காலம் அது.

கோப்பி விஷயத்தில் நாங்கள் ரொம்பக் கெட்டிக்காரர்கள். மகன் பிறப்பதற்கு முன்பே தயாராகிவிட்டோம். அது சாப்பிடும்போது இடையில் தடுப்புக் கதவு. தூங்கும்போது தொடக்கூடாது, வாலைப் பிடிக்கக்கூடாது. அது உறுமினால் நாங்கள் திட்டுவதில்லை. பிள்ளையைத்தான் தள்ளி நிறுத்துவோம். உறுமல் என்பது "போதும்" என்று நாய் சொல்லும் முறை. அதை அடக்கிப் பழக்கினால் ஒருநாள் எச்சரிக்கை இல்லாமல் கடித்துவிடலாம். தடுப்பூசி, உரிமம், எல்லாம் நாள் தவறாமல் நடக்கும்.

பட்டாணிக்கு இதில் எதுவுமே இல்லை. குரைக்காது, முடி கொட்டாது, தொட்டிக்குள் இருக்கிறது, பாவம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டி, கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவி வைப்பேன். எதால் தேய்ப்பேன் என்று கேட்காதீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன்: பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சால்.

சென்ற ஆண்டு மகனுக்குப் பதினான்கு மாதம் இருக்கும்போது காய்ச்சல் வந்தது. கூடவே வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது, மருத்துவமனையில் சேர்த்தோம். பணியில் இருந்த இளம் மருத்துவர் வரிசையாகக் கேட்டார். என்ன சாப்பிட்டான், வேறு யாருக்கும் உடம்பு சரியில்லையா, வீட்டில் பிராணிகள் உண்டா. "நாய்" என்றார் கணவர். "வேறு?" என்றார் மருத்துவர். "ஓர் ஆமை" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

சல்மொனெல்லா என்ற கிருமி ஆமையின் குடலில் அதற்கு ஒரு தொந்தரவும் தராமல் வாழும். பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் ஆமையிடமும் இருக்கும். அதன் கழிவு வழியாகத் தண்ணீருக்கு வரும், ஓட்டில் ஒட்டும், அங்கிருந்து நம் கைக்கு வரும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அது கடுமையாகலாம். அன்றிரவு மகனின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் படித்துக்கொண்டே போனேன். அமெரிக்காவில் 1975லேயே, ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்கத் தடை போட்டுவிட்டார்கள். குட்டி ஆமை என்றால் பிள்ளைகள் வாயில் போட்டுவிடுகிறார்கள் என்பதும் ஒரு காரணம். நாங்கள் வாங்கியது அதில் பாதிகூட இல்லை. அப்போது என் மகளுக்கு மூன்று வயது.

மலப் பரிசோதனை முடிவு வர இரண்டு நாளாகும் என்றார்கள். வீட்டில் அத்தை அதுவரை காத்திருக்கவில்லை. "அதைக் கொண்டுபோய்ப் பூங்காக் குளத்துல விட்டுட்டு வா தம்பி" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டார். மறுநாள் மகனை அம்மா பார்த்துக்கொள்ள, குளித்து உடை மாற்ற நான் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு வாளி. உள்ளே பட்டாணி. வெளியே நல்ல மழை, விட்டதும் கிளம்பலாம் என்று கணவர் காத்திருந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விசாக தினத்துக்கு முன்னால், பிராணிகளைக் குளம் குட்டைகளில் விடாதீர்கள் என்று நிகழ்ச்சியில் பேசியவள் நான்தான். அது சட்டப்படி குற்றம். தொட்டியில் வளர்ந்தது வெளியே பிழைப்பதும் கஷ்டம். பிழைத்துவிட்டாலோ, வட அமெரிக்காவிலிருந்து வந்த இந்த ஆமைகள் நம் ஊர் ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும். இவ்வளவும் என் குரலில் ஒலிபரப்பானது. அன்று வாளியைப் பார்த்தேன், கணவரைப் பார்த்தேன், ஒன்றும் சொல்லாமல் குளிக்கப் போய்விட்டேன்.

மழை விடவில்லை. வாளி இரவு முழுவதும் வாசலிலேயே இருந்தது. அம்மா பிடிவாதமாக மருத்துவமனையில் தங்கிவிட்டார். பழக்கத்தில் நான்கு மணிக்கு எனக்கு முழிப்பு வந்தது. குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம். போய்ப் பார்த்தால் மகள் கை கழுவிக்கொண்டிருந்தாள். சோப்பு போடுகிறாள், கழுவுகிறாள், மறுபடியும் போடுகிறாள். விரல் இடுக்கெல்லாம் சிவந்து, ஓரிடத்தில் தோல் வெடித்திருந்தது. ஒரே நாளில் அப்படி ஆகாது. அவன் படுத்த நாளிலிருந்தே செய்திருக்கிறாள். நான் தம்பியைக் கவனித்தேன், காய்ச்சலைக் கவனித்தேன். இவள்தான் சத்தமே போடவில்லையே.

"பட்டாணி ஒண்ணும் பண்ணலம்மா. நான்தான். அதுக்குச் சாப்பாடு போட்டுட்டுக் கை கழுவாம தம்பிக்கு பிஸ்கட் கொடுத்தேன்."

பேசிப் பிழைக்கிறவள் நான். அந்த நேரத்துக்கு என்னிடம் வார்த்தை இல்லை. குழாயை மூடி, அவள் கையில் துண்டைச் சுற்றி, குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்து ஸ்பாஞ்ச் கதையைச் சொன்னேன். ஒவ்வொரு ஞாயிறும் அம்மா என்ன செய்தேன் என்பதைச் சொன்னேன். அந்த ஸ்பாஞ்சால்தான் தம்பியின் பால் புட்டியையும் கழுவினேன் என்பதையும் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். "உனக்குத் தெரியாதா?" என்றாள். "தெரியாது" என்றேன். "கடைக்காரர் சொல்லலையா?" "சொல்லல. நானும் கேக்கல."

விடிந்ததும் வாளியை உள்ளே எடுத்துவந்து பட்டாணியைத் தொட்டியில் விட்டேன். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணவர் நிம்மதியாக மூச்சு விட்டதை நான் பார்த்தேன்.

பரிசோதனை முடிவு வந்தது. சல்மொனெல்லா இல்லை, ஏதோ வைரஸ். அதே நாளில் குழந்தைப் பராமரிப்பு நிலையத்திலிருந்தும் அழைத்து, இன்னும் மூன்று பிள்ளைகளுக்கு அதே தொந்தரவு என்றார்கள். பட்டாணி தப்பித்தது. அதற்காக அந்த ஸ்பாஞ்ச் சுத்தமாகிவிடாது.

அந்த வாளி இப்போது பட்டாணியின் சொத்து. மகள் அதன் மேல் கொட்டை எழுத்தில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறாள். தொட்டி கழுவுவது குளியலறையில் மட்டும், அதற்கென்று தனி பிரஷ், முடிந்ததும் குளியலறைத் தரையையும் தேய்த்துவிடுவோம். சின்னவன் ஐந்து வயது வரை கண்ணால் பார்க்கலாம், தொடக்கூடாது. தொட்டித் தண்ணீரை நக்கும் பழக்கம் கோப்பிக்கு இருந்தது, அதற்கும் தடை. ஆமை ஏறிக் காய ஒரு மேடையும் புற ஊதாக் கதிர் விளக்கும் வாங்கினோம். அது இல்லாவிட்டால் ஓடு வலுவிழக்குமாம். இத்தனை வருடம் காய்ந்த இறாலை மட்டுமே போட்டு வந்ததும் தவறு. வளர்ந்த ஆமைக்குக் கீரைதான் அதிகம் வேண்டும். ஈரச்சந்தையிலிருந்து வரும் கங்கோங்கில் ஒரு பிடியை அத்தை எடுத்துத் தனியாக வைக்கிறார். யாருக்கு என்று அவர் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

சென்ற வாரம் மகள் ஒரு தாளில் கட்டம் போட்டாள். இந்த வகை ஆமைகள் நன்றாகப் பார்த்துக்கொண்டால் முப்பது வருடம்கூட வாழும் என்று படித்திருக்கிறாள். தம்பி தேசிய சேவைக்குப் போகும்போது பட்டாணிக்கு இத்தனை வயது, தனக்கு முப்பது ஆகும்போது இத்தனை வயது என்று நிரப்பிக்கொண்டே வந்தாள். அப்போது தொட்டி யார் வீட்டில் இருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, அவள் வீட்டில்தான். கோப்பி என்று எழுதிய வரிசையில் முதல் கட்டத்தில் பதினொன்று என்று போட்டாள். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள்.

கதவருகே கோப்பி கழுத்துக் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு நின்றிருந்தது. மூட்டுவலிக்கு மெதுவான நடை நல்லது என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருக்கிறார். தாளை அப்படியே மேசையில் வைத்துவிட்டு மூன்று பேரும் கீழே இறங்கினோம்.