குடும்பப் பெயர் என்னும் கட்டாயப் பெட்டி

கைத்தொலைபேசியில் எந்தப் படிவத்தைத் திறந்தாலும் முதலில் எதிர்ப்படுவன இரண்டு பெட்டிகள். ஒன்று குடும்பப் பெயருக்கு, மற்றையது இட்ட பெயருக்கு. குடும்பப் பெயரை வெறுமையாக விட்டால் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை தோன்றும். அதற்கப்பால் நகர இயலாது. மின்சார இணைப்பு, வங்கிக் கணக்கு, பிள்ளையின் பாடசாலை அனுமதி, எதுவாயினும் வாசல் இதுவே. தொழினுட்பப் பொருள்கள் பாவனைக்கு இலகுவாக அமையவேண்டும் என்று அத்துறையினர் ஓயாது பேசுகின்றனர். யாருக்கு இலகு என்பதே எமது வினா.

எம்மவரிற் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று மரபில் இல்லை. தந்தையின் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. முன்னது பெரும்பாலும் ஓரெழுத்தாகச் சுருங்கி நிற்கும். தமிழ்நாட்டிலோ, பெயரின் பின்னால் ஒட்டியிருந்த சாதிப் பட்டங்களைத் துறக்கும்படி 1929 இல் செங்கல்பட்டிற் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. ஆகவே இப்பெட்டியில் இடுவதற்கு எம்மிடம் எதுவுமில்லை என்பது குறைபாடன்று, முறைமை. ஆயினும் பெட்டி விடுவதாயில்லை. கணவன் தன் தந்தையின் பெயரை இடுகிறார். மனைவி கணவனின் பெயரை இடுகிறார். பிள்ளைக்குச் சிலவேளை தகப்பன் பெயர், சிலவேளை பாட்டனார் பெயர். ஒரே கூரையின் கீழ் மூன்று குடும்பங்கள் வசிப்பதாகக் கணினி நம்பிக்கொள்கிறது.

குவீன்ஸ்லாந்தின் பிலோயேலாவிலிருந்து 2018 மார்ச்சில் அதிகாலையிற் கொண்டுசெல்லப்பட்டு, 2022 இல் ஊர் திரும்பி நிரந்தர விசாவும் பெற்ற தமிழ்க் குடும்பத்தை நாடே அறியும். அக்குடும்பத்தையே ஆங்கில ஊடகங்கள் ஓரிடத்தில் முருகப்பன் குடும்பம் என்றும், வேறோரிடத்தில் நடேசலிங்கம் குடும்பம் என்றும் எழுதின. அவர்களுக்கே இக்கதியெனில், ட்ருகனினாவின் புதுத் தெருவொன்றில் வாடகைக்கு இருக்கும் எம்மவரைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. (அவ்வூரின் பெயரும் 1876 இற் காலமான ட்ருகனினி என்னும் தஸ்மேனியப் பழங்குடிப் பெண்ணின் பெயரிலிருந்து வந்ததே. அவர் பெயரையும் வெள்ளையர் தத்தம் காதுக்கு எட்டியவாறு பலவிதமாக எழுதிவைத்தனர்.)

இதனை மனக்குறை என்று தள்ளிவிடலாகாது. விசாவில் ஓர் ஒழுங்கு, சாரதி அனுமதிப்பத்திரத்தில் வேறோர் ஒழுங்கு, வங்கியில் இன்னொன்று என்றானபின், ஆள் ஒருவரே என்று நிறுவும் பாரம் எம் தலையில் விழுகிறது. புகலிட விசாரணையில் 'முரண்பாடு' என்ற சொல் எவ்வளவு கனமானது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் இரு வரிகளில் முதல் வரிக்கு 44 இடங்கள்; ஆவண வகைக்கும் நாட்டுக்கும் ஐந்து போக, பெயருக்கு எஞ்சுவது 39. எங்கள் சிவசுப்பிரமணியங்கள் தந்தையோடு சேர்ந்து வரும்போது வால் அறுந்துபோகும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு இராச்சியம், இந்தியக் கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பயணிகளை வருகை விசாவில் அனுமதிப்பதில்லை என்று விமான நிறுவனங்களுக்கு அறிவித்தது. பெயர் ஒன்றாயிருப்பதே குற்றமாயிற்று.

பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் என்னை என் பெயராலேயே அறிந்திருந்தனர். இங்கே மருத்துவ நிலையத்தின் வரவேற்பறையில், காலமாகிப் பல்லாண்டான என் தகப்பனாரின் பெயர் கூப்பிடப்படும்போது நான் எழும்பவேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. முழுப்பெயருக்கு ஒரு பெட்டி, எவ்வாறு அழைக்கவேண்டும் என்பதற்கு இன்னொரு பெட்டி, அவ்வளவே. இணையத்தின் தரங்களை வகுக்கும் உலகளாவிய அமைப்பு இதனை நெடுநாளாகவே சொல்லிவருகிறது. பிரித்தானிய அரசின் வடிவமைப்பு வழிகாட்டியும், ஒற்றைப் பெட்டியே பலவகைப் பெயர்களுக்கும் இடங்கொடுக்கும் என்கிறது. செலவு பெரிதன்று, கேட்பார் இல்லாததே காரணம். நூற்றுக்கணக்கான நாட்டவர் குடியேறிய அவுஸ்திரேலியாவில் ஆங்கிலேயர் ஒருவரின் பெயரை மட்டும் மனத்திற்கொண்டு படிவம் வரைவது சோம்பல் என்பேன்.

அதுவரை எம்மவர் செய்யக்கூடியவை சில. விசாவிலுள்ள ஒழுங்கையும் எழுத்துக்கூட்டலையுமே எல்லாப் படிவங்களிலும் பின்பற்றுங்கள். அனுப்புமுன் பிரதி எடுத்து வையுங்கள். பிள்ளையின் பிறப்பைப் பதிவதற்கு விக்டோரியாவில் 60 நாள் அவகாசம் உண்டு. குடும்பப் பெயராக எதனை இடுவது என்பதை வைத்தியசாலைக் கட்டிலில் அவசரமாகத் தீர்மானிக்காது, பேறுக்கு முன்னரே கணவனும் மனைவியும் பேசிவைத்துக்கொள்வது நன்று.